சித்திரைக்குள் நடந்தால்

வாருங்கள் டாக்டர், உள்ளே வாருங்கள். அவன் வெளியிலேயே நிற்கட்டும். ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிற இருபது பேருக்கும் மொக்கராசு என்றால் பயம். மொக்கராசுக்கு என் வாய் என்றால் பயம். நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசுகிறவள் இல்லை, இருந்தும் அவனுக்கு ஏன் பயமென்று தெரியவில்லை.

காபியா, டீயா? ஒன்றும் வேண்டாமா? சரி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். இந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், இல்லையா? ஸ்வெட்டரைப் பார்த்ததுமே தெரிந்தது. கொடைக்கானலில் சித்திரை மாதம் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று டூரிஸ்ட், இன்னொன்று புது ஆபீசர்.

மொக்கராசு உங்களிடம் என்ன சொல்லி அழைத்து வந்தான்? சீசனுக்கு ஒரு குதிரையை ஏரியில் இறக்க வேண்டும், கால் நன்றாக இருக்கிறது என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும், குதிரை ஒரு அம்மா வீட்டில் நிற்கிறது. அவ்வளவுதானே? அந்த அம்மாவோடு அவன் போட்ட பந்தயத்தைப் பற்றிச் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அதைக் கேட்டுவிட்டுக் குதிரையைப் பாருங்கள். குதிரையைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டால் ஒன்றும் விளங்காது.

கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் டாக்டர். குளம்பு விஷயத்தில் அவசரமே ஆகாது. எனக்குப் பிறவியிலேயே பொறுமை அதிகம், அதனால்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது. என்னங்க! இன்னும் அந்தக் கயித்தை அவிழ்க்கலையா நீங்க? விடிஞ்சதுலேருந்து அதையேதான் பண்றீங்க!

அவர்தான் என் வீட்டுக்காரர், இன்னாசி. பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வேலையைச் சொன்னால் அதை மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். நீங்களே சொல்லுங்கள், ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்கு எதற்கு அளவு?

போன ஐப்பசியில் நடந்தது. சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் இந்தக் குதிரைக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? குதிரைகளை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவார்கள். தானாக மேயட்டும், தானாகப் பிழைக்கட்டும். அதையாவது விடுங்கள். லாடத்தைக் கழற்றாமலேயே அவிழ்த்து விடுவார்கள். குளம்பு வளரும். லாடம் வளருமா? ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய ஷூவைப் பத்து வயது வரைக்கும் கழற்றாமல் போட்டுவைத்தால் கால் என்ன கதியாகும்? அந்தக் கதிதான்.

ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறக்கிறேன், என் கோஸ் பாத்தியில் ஒரு பழுப்புக் குதிரை. நடுப் பாத்தியில் நின்று, யாரோ விருந்துக்கு அழைத்தது மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கத்தினேன், நகரவில்லை. துடைப்பத்தை ஓங்கினேன், அப்போதும் நகரவில்லை. என்னைக் கண்டு நகராத ஜீவன் இந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை டாக்டர். பக்கத்தில் போன பிறகுதான் பார்த்தேன். அதற்குத் திமிர் இல்லை, நகர முடியவில்லை. முன்னங்கால் இரண்டும், பொருட்காட்சியில் ராஜஸ்தான் செருப்பு விற்பார்களே, அதைப் போல நுனி நீண்டு மேலே சுருண்டிருந்தன. குதிகால் பக்கம் நசுங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. இடது காலில் லாடம் ஒரே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அடி எடுத்து வைக்க அந்தக் குதிரை எவ்வளவு நேரம் யோசித்தது தெரியுமா? அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்க யோசிப்போமே, அப்படி.

நேரே ஏரிக்குப் போனேன். இவரும் பின்னாலேயே குடையோடு ஓடி வந்தார். மழையில் டீக்கடை ஓரமாக இருபது பேரும் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பழுப்புக் குதிரை யாருது?"

"நம்மளுதுதான்க்கா. பவுனு. என்னாச்சு?" என்றான் மொக்கராசு.

"என்னாச்சா? அது காலைப் பார்த்தியா நீ?"

"அது முடிஞ்ச கேசுக்கா. அடுத்த வாரம் லாரியில ஏத்தி அனுப்பிரலாம்னு இருக்கேன்."

"முடிஞ்ச கேசை எதுக்கு என் கோஸை மேய அனுப்பின?"

"நான் எங்க அனுப்புனேன்? அந்தக் காலோட உங்க வீட்டு மேட்டுல ஏறி வந்துருக்குன்னா, உங்க கோஸு அம்புட்டு ருசி போலக்கா."

இருபது பேரும் சிரித்தார்கள். இவரும் குடைக்குள் சிரித்தார், நான் பார்த்துவிட்டேன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆறு மாசம் என்கிட்ட விடு. நடக்க வெச்சுக் காட்டறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? தெரியாது. அதுவரை நான் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள், பியானோ சொல்லிக்கொடுத்தார்கள், ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். குளம்பு சொல்லிக்கொடுக்கவில்லை.

மொக்கராசு என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரிக்கா. ஒரு பேச்சு பேசிக்குவோம். சித்திரைக்குள்ள நடந்தா குதிரை எனக்கு. நடக்காட்டி நீங்களே வெச்சுக்கங்க."

"சரி!" என்றேன், இருபது பேர் முன்னால். என்ன பந்தயம் என்று கவனித்தீர்களா? நான் தோற்றால் குதிரை என்னோடு இருக்கும், ஜெயித்தால் போய்விடும். உலகத்தில் எந்த மடையனாவது ஒத்துக்கொள்வானா? வரும் வழியில் இவர் மெதுவாகக் கேட்டார், "ஜெசி, நீ சரியாத்தான் பேசுனியா?"

"வாயை மூடிக்கிட்டு குடையை நேராப் பிடிங்க" என்றேன். என் முழுப் பெயர் ஜெசிந்தா. இந்த வீட்டில் முழுப் பெயரைச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். போனில் வீடியோ பார்த்துத்தான். ஏதோ ஒரு வெள்ளைக்காரி, சேற்றில் முட்டி போட்டு, குதிரைக் காலைத் தன் தொடை நடுவில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பேசுவாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் புரியும். கன்னியாஸ்திரிகளிடம் வாங்கிய பிரம்படிக்கு அந்த ஒரு பலனாவது கிடைத்ததே. அவள் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. லாடத்தைக் கழற்று. நீண்டிருக்கிற நுனியைக் குறை. குதிப் பக்கத்தைத் தொடாதே, அது தானாக எழுந்து வரட்டும். இடம், வலம் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். குளம்பு மேலேயிருந்து வளர்ந்து கீழே இறங்குகிற பொருள். மேலே புதிதாக வருவது நேராக வர வேண்டுமென்றால் கீழே இருக்கிற கோணல் அதை இழுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக என்றாள். எவ்வளவு கொஞ்சம் என்று சொன்னாளா? சொல்லவில்லை. அதனால் முதல் நாளே, இவர் குறட்டால் ஆணிகளைப் பிடுங்கிக் கொடுக்க, நான் சுருண்டிருந்த நுனி முழுவதையும் ஒரே மத்தியானத்தில் வெட்டித் தள்ளிவிட்டேன். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! அடுத்த இரண்டு நாள் அது எழுந்திருக்கவே இல்லை. படுத்த இடத்திலேயே கிடந்து என்னையே பார்த்தது. அது என் தப்பு இல்லை டாக்டர், வெள்ளைக்காரியின் தப்பு. அளவு சொல்லாமல் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களைப் போல.

அதற்குப் பிறகு நானே ஒரு அளவு வைத்துக்கொண்டேன். அப்பளக் கனம். பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு அப்பளக் கனம். கத்தியும் வேண்டாம், குறடும் வேண்டாம், அரம் மட்டும். நுனியில் ராவுவது, வெளிப்பக்கம் விரிந்து நிற்கிற ஓரத்தில் ராவுவது, கீழே வைத்துப் பார்ப்பது, மறுபடி தூக்குவது. பதினோராம் நாள் கை நமநம என்று அரிக்கும், இன்னும் கொஞ்சம் ராவிவிடலாமே என்று. கூடாது. நான் முப்பது வருஷமாக ஒரே மூச்சில் வீடு பெருக்கி, ஒரே மூச்சில் சமைத்து, ஒரே மூச்சில் பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். பெங்களூரிலிருந்து என் மகள் போனில் சொல்கிறாள், "அம்மா, இந்தப் பொறுமையில பாதியை எனக்கு ரெட்டைப் பின்னல் போடும்போது காட்டியிருக்கலாம்." குதிரைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? போனை வைத்துவிட்டேன்.

குளம்பின் அடியில் நடுவில் முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு சதை இருக்குமே, உங்களுக்குத் தெரியாததா, அது அழுகிப்போய்க் கறுப்பாக நாறிக்கொண்டிருந்தது. தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காய்ந்த வைக்கோலில் நிறுத்தினேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்கள்தான் டாக்டர். இருபது நாளில் நாற்றம் போய்விட்டது. எனக்கு அந்தக் குதிரை மேல் பாசம் என்று எதிர் வீட்டு ரோசம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பாசமுமில்லை, ஒன்றுமில்லை. நான் அதைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. குதிரையை நான் குதிரை என்றுதான் சொல்வேன். பவுனு மட்டும் என்னை விட்டு நகராது, அது அதன் குணம்.

மார்கழியில்தான் வினை வந்தது.

ஆறு தடவை அரம் போட்டாகிவிட்டது. நுனி குறைந்திருக்கிறது, நாற்றம் இல்லை, எல்லாம் வெள்ளைக்காரி சொன்னபடி. ஆனால் நடை மோசமாகிக்கொண்டே போகிறது. முன்னால் வலித்து வலித்து நடந்தது, இப்போது கோணிக் கோணி நடக்கிறது. காதில் சத்தம் கேட்கும். நல்ல குளம்பு தரையில் விழுந்தால் 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். இதற்கு 'டடக்' என்று இரண்டு. ஒரு ஓரம் முதலில் தட்டுகிறது, மறு ஓரம் அப்புறம் வந்து சேர்கிறது. நான் என்ன செய்தேன்? இன்னும் கவனமாகச் சமன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் காலைக் கீழே வைத்துவிட்டு எதிரில் போய் மண்டி போட்டு, கன்னம் சிமெண்டில் படுகிற மாதிரி குனிந்து, குளம்பும் தரையும் ஒட்டி உட்கார்கிறதா, கால் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ராவினேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் 'டடக்'.

இவர்தான் கயிற்றைக் கோணலாகப் பிடிக்கிறார் என்று இவரைத் திட்டினேன். பொய்யான குதிரையைக் கொடுத்துவிட்டான் என்று மொக்கராசைத் திட்டினேன். அவன் ஒரு நாள் வந்து வாசல் கேட் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னாக்கா, டான்ஸ் சொல்லிக் குடுக்குறீங்களா?" என்றான். அன்றைக்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் இன்று வரைக்கும் அவனை வெளியில் நிற்க வைத்திருக்கிறது.

காரணம் என்ன தெரியுமா? முற்றம்! இந்த முற்றம்தான், நீங்கள் பார்க்கிற இந்தச் சிமெண்ட் முற்றம். மலையில் வீடு கட்டுகிறவன் எவனாவது முற்றத்தை மட்டமாகப் போடுவானா? மழைத் தண்ணீர் சாக்கடைக்கு ஓட வேண்டாமா? அந்தச் சுவரிலிருந்து இந்தச் சாக்கடைக்கு வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். இருபத்தாறு வருஷமாக அதில் நடக்கிறோம், துணி துவைக்கிறோம், வடகம் காய வைக்கிறோம், காலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. நான் அந்தக் குதிரையைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் முகம் வைத்து, கோஸ் பாத்தி அதன் கண்ணில் படாதபடி கட்டியிருக்கிறேன். சாய்ந்த தரையை மட்டம் என்று நம்பி, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒவ்வொரு குளம்பையும் சாய்த்து ராவியிருக்கிறேன். இரண்டு முன்னங்காலிலும் சாக்கடைப் பக்கம் உயரம், சுவர்ப் பக்கம் பள்ளம். மயிரிழை பிசகாமல் கோணல் செய்திருக்கிறேன் டாக்டர்.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். இவர் கையில் ரசமட்டம் இருந்தது, அவ்வளவுதான். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடுகிற கட்டை. அதைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். குமிழி ஒரேயடியாகச் சுவர்ப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

"ஏன் முதல்லயே சொல்லலை?" என்றேன்.

"முதல் நாளே சொன்னேனே ஜெசி. தரை வாட்டமா இருக்கும்மா, பார்த்து நிறுத்துன்னேன். 'முப்பத்திரண்டு வருஷம் ரோடு போட்டு, ஊர்ல ஒரு ரோடாவது நேரா இருக்கா, எனக்குச் சொல்ல வந்துட்டீங்க'ன்னு நீதான் சொன்னே."

சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது சொன்னதாகுமா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, அதற்கப்புறம் அவர் நாலு பலகையை அடித்து, அடியில் ஆப்புச் செருகி, ரசமட்டம் வைத்து வைத்து, முற்றத்தின் மேல் ஒரு மேடை போட்டார். அதோ தெரிகிறது பாருங்கள். அது மேல் ஏற்றி நிறுத்திய முதல் நாள் பவுனு நாலு காலையும் பரப்பி, கப்பலில் ஏறியது மாதிரி நின்றது. உயரமாக நின்ற பக்கத்தை ஒரே நாளில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. அரத்தை எடுத்துவிட்டேன். அப்புறம் அது என் முகத்தைப் பார்த்தது. சரி சரி, அப்பளக் கனம்தான், பயப்படாதே என்றேன். நான் கெடுத்ததைத் திருத்த எனக்குத் தை முழுக்க, மாசி பாதி வேண்டியிருந்தது. ஒவ்வொரு பத்தாம் நாளும் ஓர் அப்பளம். ஒவ்வொரு பதினோராம் நாளும் தெருவில் இருபது அடி நடத்திவிட்டு நானும் இவரும் கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்துக் கேட்போம். ரோசம்மா எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். 'டடக்', 'டடக்'. அப்புறம் சில நாள் 'டக்', 'டடக்', 'டக்'. மாசி மகத்துக்கு மறுநாள் காலையில், மேட்டில் ஏறும்போது, 'டக்', 'டக்', 'டக்', 'டக்'. எல்லாமே ஒற்றைச் சத்தம். மேலேயிருந்து புதுக் குளம்பு நேராக, வழவழப்பாக, இரண்டு விரல் இறங்கியிருந்தது.

நான் நடுத்தெருவில் கை தட்டினேன். இந்த வயதில்.

இவர் தட்டவில்லை. பவுனுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நடந்துருச்சே ஜெசி" என்றார். "அப்ப போயிரும்ல?"

அப்போதுதான் டாக்டர் எனக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. இவரை அன்றைக்குத் திட்டியது மாதிரி எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் திட்டியதே இல்லை. என்ன திட்டினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

பங்குனி முழுக்க எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் என்ன பாதிரியாரா, பாவமன்னிப்புக் கொடுக்க? கோணல் எப்படி வரும் என்று இந்த மலையிலேயே எனக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஒரு ஓரத்தில் நாலு இழுப்பு அதிகம். வேண்டாம், மூன்றே இழுப்பு. வெளியில் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது, மொக்கராசுக்கும் தெரியாது. 'டடக்' என்று வரும். சித்திரைக்குள் நடக்கவில்லை, குதிரை எனக்கு. அப்புறம் வைகாசியில் பொறுமையாகச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு பத்தாம் நாள் காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டு, அரத்தை அந்த ஓரத்தில் வைத்தேவிட்டேன். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. ஒரு வேளை நான் செய்வேன் என்று நம்பிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அது தன் பாரத்தை முழுக்க என் தொடையில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. ஐப்பசியில் காலைத் தொட்டாலே நடுங்கிய குதிரை.

செய்யவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பாசம் கீசம் என்று எழுதிவிடாதீர்கள். மொக்கராசு ஏரிக்கரையில் நின்று, 'அந்தக்கா ஆறு மாசம் ராவியும் தேறலப்பா' என்று சொல்லிச் சிரிப்பான், அதை நான் தாங்குவேனா? அதற்காகத்தான். வேறொன்றும் இல்லை.

அதோ, இவர் குதிரையைக் கொண்டுவந்துவிட்டார். வழியை விடுங்கள். பாருங்கள் டாக்டர், அந்த நடையைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். இரண்டு சத்தம் கேட்டால் என் பெயர் ஜெசிந்தா இல்லை. திருப்புங்க, மறுபடி மேட்டுல ஏத்துங்க. எப்படி? கேட்டியா மொக்கராசு? உன் காதுல விழுந்துச்சா? இந்த மலையில இப்படி நாலு காலையும் பதிச்சு நடக்கிற குதிரை வேற ஒண்ணு இருந்தா கொண்டுவந்து காட்டு! எழுதுங்கள் டாக்டர், பரிபூரண குணம் என்று எழுதுங்கள்.

என்ன, காலைத் தூக்கிப் பார்க்க வேண்டுமா? தாராளமாக. பயப்படாதீர்கள், தானாகவே கொடுக்கும். தொட்டாலே போதும்.

ஆமாம். அந்தக் கோடுதான். அதற்கு மேலே புதுசு, கீழே பழசு. ஆமாம், அந்தப் பழசில் இன்னும் கொஞ்சம் விரிசல் இருக்கிறது. விரலால் அழுத்தினால் குதிரை உணர்கிறது, தெரியும். இந்த வேகத்தில் பழசு முழுக்க இறங்கிக் கழிய இன்னும் ஆறு மாதம் ஆகும். உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

என்ன கேட்டீர்கள்?

என் பேரப்பிள்ளையை இன்றைக்கு இதன் மேல் ஏற்றி, தார் ரோட்டில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற விடுவேனா என்றா?

இருங்கள். இவ்வளவு நேரம் வாய் மூடாமல் பேசினேன், இப்போது கொஞ்சம் இருங்கள்.

என்னங்க, நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? இந்தப் பக்கம் பாருங்க.

விட மாட்டேன் டாக்டர். பிள்ளைக்காக இல்லை. பிள்ளை விழுந்தால் எழுந்துகொள்ளும். ஒரு ஆள் பாரத்தை ஏற்றித் தாரில் ஒரு மாதம் ஓட்டினால் அந்த விரிசல் அப்படியே மேலே ஏறும். ஆறு மாதம் போட்ட அப்பளமெல்லாம் நொறுங்கிவிடும். இதைக் கேட்டதும் மொக்கராசு சிரிப்பான், ஊர் சிரிக்கும், பரவாயில்லை. இன்னும் ஆகவில்லை. என் வாயால் இதுவரை இந்த வார்த்தையைச் சொன்னதில்லை, எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஆகவில்லை.

"அப்ப நடக்கலைன்னு தானக்கா அர்த்தம்? நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு ஒரு தீனி மிச்சம்."

பார்த்தீர்களா அவன் சாமர்த்தியத்தை? டேய் மொக்கராசு, நடக்கலைன்னு யார் சொன்னது? உன் கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு? நடந்தா உனக்குன்னுதானே பேச்சு? பேச்சுன்னா பேச்சு. குதிரை உன்னுது, பிடிச்சுக்கிட்டுப் போ. ஆனா ஐப்பசி வரைக்கும் அது மேல ஒரு ஆள் ஏறக் கூடாது. சும்மா நடத்து, புல்லுல மேய விடு, ஏரிக்கரையில போட்டோ எடுக்கிறவனுக்குக் கழுத்தைக் காட்டிக்கிட்டு நிக்கட்டும். லாடம் கிட்ட வரக் கூடாது. நீ கட்டற இடத்தை இவர் வந்து மட்டம் பார்ப்பார். அவர் சரின்னு சொன்ன இடத்துலதான் கட்டணும். இதுல அவர் சொல்றதுதான்.

"அதெப்படிக்கா? என் குதிரையை ஏத்தாதன்னு சொல்ல நீங்க யாரு?"

நான் யாரா? டாக்டர், எழுதுங்கள். குதிரை மொக்கராசுது. குளம்பு நாலும் என்னுது. ஆபீசில் அப்படி எழுத வழி இல்லை என்றால் வேறு எப்படி எழுதினால் அந்த அர்த்தம் வருமோ அப்படி எழுதுங்கள், படித்தவர்தானே நீங்கள். எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள், முத்திரையும் குத்துங்கள். முத்திரை இல்லாத காகிதத்தை இவன் பீடி சுற்றப் பயன்படுத்துவான்.

வருகிற செவ்வாய்க்கிழமை பத்தாம் நாள். அரத்தை எடுத்துக்கொண்டு நான் ஏரிக்கு வருவேன், இவர் ரசமட்டத்தோடு வருவார். சீசன் கூட்டம், டூரிஸ்ட், குல்பி வண்டி, இருபது குதிரைக்காரன், எல்லாரும் பார்க்க, புடவையைச் செருகிக்கொண்டு நடு ரோட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து ராவுவேன். ஐப்பசி வரைக்கும் ராவுவேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஆனால் முதலில் அவனவன் குதிரையின் காலைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.